அணையாத வெண்மை

1991, ஜூலை 22, திங்கள். ஸ்டெல்லா, வயது இருபத்து நான்கு. பிள்ளைப்பாக்கத்தில் தாய் வீட்டில் தங்கியிருந்தபோது பெண் குழந்தை பிறந்தது. இயல்பான பிரசவம்.

ஆகஸ்டு 3, சனி. தலைவலி தொடங்கியது.

ஆகஸ்டு 12, திங்கள், காலை 11.20. மூளைச் சிரைகளின் காந்த அதிர்வுப் படம், சாய மருந்து செலுத்தாமல் எடுக்கப்பட்டது. அறிக்கை: சிரைகளில் இரத்த ஓட்டம் இயல்பாக உள்ளது. கையொப்பம் என்னுடையது.

ஆகஸ்டு 14, புதன். வாந்தி, பார்வை மங்கல். பொது மருத்துவர் மேற்படி அறிக்கையைப் பார்த்தபின் மனநல ஆலோசனைக்குப் பரிந்துரைத்தார்.

ஆகஸ்டு 17, சனி. இரு கண்களிலும் பார்வை இல்லை.

ஆகஸ்டு 19, திங்கள், காலை 9.40. மறுபடம். உச்சிச் சிரையில் இரத்தக் கட்டி.

இவை மருத்துவமனைக் கோப்பில் உள்ளபடியே தரப்பட்டவை. கோப்பில் இல்லாததை எழுதுவதற்கு ஒரு கேள்வி காரணமாயிற்று. நான் பணியாற்றிய கதிரியல் துறைக்கு இன்று தலைவராக இருக்கும் டாக்டர் நிவேதா சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு தாள் இருந்தது.

"சார், மூளைச் சிரை எடுக்கறப்போ ரெண்டாவதா ஒரு ரன் ஓடுது. லிஸ்ட்ல 'தேவா'ன்னு பேர் போட்டிருக்கு. எதுக்குன்னு டிபார்ட்மென்ட்ல யாருக்கும் தெரியல. புது மெஷின் வருது, அதுல தூக்கிட்டா ஒரு பேஷன்ட்டுக்குப் பத்து நிமிஷம் மிச்சம். தூக்கிடட்டுமா சார்?"

தேவா என்பது தேவசகாயம். எங்கள் துறையின் முதல் தொழில்நுட்பர். அவரை அடக்கம் செய்து அன்று பதினோரு நாள்கள் ஆகியிருந்தன. எழுதித் தருகிறேன் என்று மட்டும் நிவேதாவிடம் சொன்னேன்.

என் பயிற்சிக் காலத்தில் நினைவில் நிற்பது ஒரு காலைப்பொழுதுதான். கால் தமனிகளைப் படமெடுக்க வந்த பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு அயோடின் சாய மருந்தைச் செலுத்தியவன் நான். "தொண்டை அரிக்குதுப்பா" என்றார். அடுத்த சில நிமிடங்களில், நாங்கள் செய்யக்கூடிய அனைத்தையும் செய்துகொண்டிருக்கும்போதே, மேசையிலேயே இறந்துபோனார். எவர் மீதும் தவறில்லை என்று விசாரணை முடிந்தது. அது உண்மையும்கூட. ஆயினும், ஊசியே இல்லாமல் இரத்தக் குழாய்களைப் பார்க்க வழி பிறந்திருக்கிறது என்று சில ஆண்டுகள் கழித்து ஓர் ஆய்விதழில் படித்தபோது, அந்த ஆசிரியரின் குரலே என் காதில் விழுந்தது. அந்த முறையின் மேல் எனக்கு ஏற்பட்டது அறிவியல் ஆர்வம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால் பக்தி என்பதே சரியான சொல்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்காக ஓர் அறக்கட்டளை நடத்திய மருத்துவமனை அது. 1991 தொடக்கத்தில் அங்கே எம்.ஆர்.ஐ. எனும் காந்த அதிர்வுக் கருவி வந்திறங்கியது. அதைச் சீர்செய்ய வேண்டிய பொறியாளர் மே மாதத்துக்குப் பிறகு பல வாரங்கள் வரவில்லை. நெடுஞ்சாலை முழுக்கப் போலீஸ் சோதனையாக இருந்தது. அதன் காரணத்தை அந்த ஆண்டு எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஜூலையில்தான் படங்கள் தெளிவாயின.

முறை எளியது. தலையின் ஒரு மெல்லிய குறுக்குத் துண்டின் மேல் அடுத்தடுத்து ரேடியோத் துடிப்புகளைச் செலுத்துவோம். அங்கேயே இருக்கும் திசு களைத்துப்போய் மறுமொழி தராது, கறுப்பாகத் தெரியும். புதிதாக உள்ளே பாயும் இரத்தம் களைக்காதது, வெண்மையாக ஒளிரும். தமனிகள் வேண்டாம், சிரைகள் மட்டும் போதும் என்றால், கழுத்தின் குறுக்கே ஒரு பட்டை போடுவோம். பட்டை என்பது பொருளன்று. அந்த இடத்தைக் கடந்து வரும் இரத்தம் முழுவதையும் முன்கூட்டியே களைக்கச் செய்யும் ஒரு துடிப்பு. அதைக் கடந்து மேலேறும் தமனி இரத்தம் ஒளிராமல் அணைந்து, கறுப்பாகிவிடும். இப்படி எடுத்த அறுபது, எழுபது துண்டுகளையும் கணினி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, குழாய்கள் மட்டும் ஒளிரும் ஒரே தொகுப்புப் படமாகக் காட்டும். இரவு வானத்தில் மரக்கிளை விரிந்ததுபோல் இருக்கும். முதலில் எடுத்தது என் தலையைத்தான். தேவசகாயம் அதை விளக்கு எரியும் கண்ணாடிப் பெட்டியில் மாட்டிவிட்டு, "இன்னா சார், உங்க தலைக்குள்ள இவ்ளோ அழகா கீது" என்றார்.

துறைத் தலைவர் டாக்டர் லலிதாம்பாளுக்கு அந்த அழகில் நம்பிக்கையில்லை. தொகுப்புப் படத்தை அவர் முதலில் பார்க்கவே மாட்டார். படம் வந்த காக்கி உறையை எடுத்து அதன் மேல் மூடி வைப்பார். பிறகு துண்டுப் படங்களை ஒவ்வொன்றாக, மேலிருந்து கீழாக, மஞ்சள் மெழுகுப் பென்சிலால் எண்ணிட்டுப் பார்ப்பார். இருபது நிமிடங்கள் ஆகும். அதன்பின், குழாய்களைத் தனித்துக் காட்டாமல் மூளை முழுவதையும் எடுத்த சாதாரணப் படங்கள். எல்லாம் முடிந்த பிறகே உறையை நீக்குவார். ஒருவர் எதையாவது கண்டதாகச் சொன்னால் கேட்பது ஒரே கேள்வி: "எந்தத் துண்டுல?" குரல் உயராது. திட்டமாட்டார். பதில் தெரியாதவர் தாமாகவே மீண்டும் உட்கார்ந்து எண்ணத் தொடங்க வேண்டும். எனக்கு அது பழங்காலத்துப் பழக்கமாகத் தோன்றியது. எழுபது படங்களை ஒன்றாக்கித் தருவதற்குத்தானே கணினி என்று தேவசகாயத்திடம் ஒருமுறை சொன்னேன். "அம்மா அரிசில கல்லு பொறுக்குறாங்க சார். நாம குக்கர்ல வச்சிட்டு வுட்டுடுறோம்" என்று சிரித்தார்.

தேவசகாயம் பிள்ளைப்பாக்கத்துக்காரர். அறைக்குள் வரும் ஒவ்வொருவரையும் அவரே கேட்டு அனுப்புவார்: லேத்தில் வேலை பார்த்ததுண்டா, கண்ணில் இரும்புத் துகள் விழுந்ததுண்டா, உடம்பில் பிளேட், ஸ்க்ரூ ஏதாவது உண்டா. காந்தம் துகளை இழுத்தால் கண் போய்விடும். அந்தப் பகுதியில் அது வெறும் சடங்குக் கேள்வியன்று. பத்துப் பேரில் இரண்டு பேர் முதலில் கண்ணை எக்ஸ்ரே எடுத்துவிட்டுத்தான் உள்ளே வர முடியும்.

ஆகஸ்டு 12 அன்று அவர் தம் தங்கையையே அழைத்து வந்தார். ஸ்டெல்லா மறைமலை நகரில் மின்மாற்றிச் சுருள் சுற்றும் பட்டறையில் வேலை பார்த்தவர். தலைமுடியளவு மெல்லிய செம்புக் கம்பியை, உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்து, சுற்று பிசகாமல் சுற்ற வேண்டிய வேலை. பிரசவ விடுப்பில் இருந்தார்.

"கண்ணுல ஏதாவது விழுந்துச்சா?" என்று அண்ணன் முறைப்படி கேட்டார்.

"ஏண்ணா, தெரியாத மாதிரி கேக்குற. செம்பு தானே சுத்துறேன். அத உன் காந்தம் இழுக்காதாமே, நீதான சொன்ன."

"கேக்கணும்டி. வெளியூர்க்காரி வந்தாலும் கேக்கணும், நீ வந்தாலும் கேக்கணும். மெட்டிய கழட்டு."

பிறகு ஸ்டெல்லா என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஊசி போடுவீங்களா சார்? புள்ளைக்குப் பால் குடுக்கறேன்."

"ஊசியே கிடையாதும்மா" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை இப்போது எழுதவேண்டியிருக்கிறது.

அன்று டாக்டர் லலிதாம்பாள் ஊரில் இல்லை. ஒரு வார விடுப்பில் போயிருந்தார். பகல் பன்னிரண்டரைக்குச் சென்னையின் பெரிய மருத்துவமனை ஒன்றிலிருந்து மூன்று மருத்துவர்கள், ஊசியில்லாமல் எடுக்கும் படங்களைக் காண வருவதாக இருந்தது. அழைத்தவன் நான். படம் முடிந்து, கணினி தொகுத்துத் தந்ததும் தேவசகாயம் அதைப் பெட்டியில் மாட்டினார். உச்சிச் சிரை, நெற்றியிலிருந்து பின்மண்டை வரை, உடையாத ஒரே வெண்கோடாக இருந்தது.

"பின்பக்கம் கொஞ்சம் மங்கலா கீதே சார். மத்தவங்களுக்கு இன்னும் பளிச்னு வருமே."

"பிரசவத்துக்கு அப்புறம் ஓட்டம் மெதுவா இருக்கும். அதான்."

தேவசகாயம் மீண்டும் படத்தின் பக்கம் குனிந்தார். "பட்டைய கழுத்துலேருந்து எடுத்து உச்சந்தலையில போட்டு ஒரு தபா ஓட்டிப் பாத்துடலாமா சார்? ரத்தம்னா அணையணும்ல. பத்து நிமிஷந்தான்."

அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. உச்சியில் பட்டை போட்டால், அங்கிருந்து பின்னோக்கி ஓடிவரும் இரத்தம் களைத்துப்போய்க் கறுப்பாக வேண்டும். கறுக்காவிட்டால் அது ஓடுவதே இல்லை என்று பொருள். எனக்குத் தெரியாத செய்தியன்று. மணி பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது.

"வேண்டாம் தேவா. இறக்கிடுங்க" என்றேன்.

துண்டுப் படங்களை நான் பார்க்கவில்லை. சாதாரணப் படங்களை உறையிலிருந்து எடுக்கவும் இல்லை. தொகுப்புப் படத்தை வைத்தே அறிக்கை எழுதினேன். விருந்தினருக்கு அன்று காட்டியதும் அதே படம்தான். அவர்கள் வெகுவாகப் பாராட்டினார்கள். ஒருவர் தம் குறிப்பேட்டில் அதைப் பார்த்து வரைந்துகொண்டார்.

அடுத்த வாரத்தில் நடந்தவற்றை நான் பின்னால்தான் அறிந்தேன். தலைவலி தாங்காமல் புதன்கிழமை ஸ்டெல்லாவை ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மருத்துவரிடம் கொண்டுபோயிருக்கிறார்கள். அவர் என் அறிக்கையைப் படித்துவிட்டு, மூளையில் ஒன்றுமில்லை, பிரசவத்துக்குப் பின் சிலருக்கு மனம் கலங்குவதுண்டு என்றிருக்கிறார். சனிக்கிழமை காலை ஸ்டெல்லா, குழந்தை எங்கே, விளக்கைப் போடுங்கள் என்றிருக்கிறார். விடிந்து வெகுநேரமாகியிருந்தது. மணிமங்கலத்திலிருந்து வந்திருந்த மாமியார், "படம் புடிச்சிப் பாத்து ஒண்ணுமில்லன்னு எழுதியே குடுத்துக்கிறாங்க. இன்னாத்துக்கு இந்த நடிப்பு" என்று கேட்டாராம்.

திங்கட்கிழமை காலை டாக்டர் லலிதாம்பாள் அறைக்குள் நுழைந்தபோது, தேவசகாயம் தங்கையைத் தோளோடு அணைத்தபடி அங்கே உட்கார்ந்திருந்தார். என்னிடம் வரவில்லை. அம்மையார் முதலில் கண்நோக்கியை எடுத்து ஸ்டெல்லாவின் கண்களுக்குள் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னை அழைத்துவரச் சொல்லி, 12ஆம் தேதி உறையைக் கேட்டார். தொகுப்புப் படத்தைக் கவிழ்த்து வைத்தார். நான் உறையிலிருந்து எடுத்திராத சாதாரணப் படத்தை மாட்டினார்.

"சாதாரணப் படத்துல ஓடற ரத்தம் எப்படித் தெரியும்?"

"கறுப்பா, மேடம்."

"இது?"

அது வெண்மையாக இருந்தது. உச்சிச் சிரையின் குறுக்குவெட்டு, துண்டுக்குத் துண்டு, வெள்ளை முக்கோணமாக நின்றது. ஒரு வாரத்துக்கு மேலான இரத்தக் கட்டிக்கு இரசாயன மாற்றம் ஏற்படும். அது துடிப்புகளுக்குக் களைக்காது; எந்தப் படத்திலும் ஒளிரும். ஓடும் இரத்தமும் ஒளிரும், உறைந்த இரத்தமும் ஒளிரும். இரண்டையும் கணினி ஒரே வெண்மையாகத் தொகுத்துவிடும். ஸ்டெல்லாவின் உயிரோட்டம் என்று நான் விருந்தினருக்குக் காட்டியது அவர் மூளையை அடைத்துக்கொண்டிருந்த கட்டியை.

"தேவா, இவங்கள உள்ள படுக்க வைங்க. பட்டைய உச்சியில போடுங்க" என்றார் அம்மையார்.

கட்டுப்பாட்டு அறையில் மூவரும் நின்றோம். கருவி தட்டத் தொடங்கியது. துண்டுகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. பட்டைக்குக் கீழே இருந்த சின்னச் சின்னச் சிரைகள் அணைந்தன. உச்சிச் சிரையின் பின்பகுதி அணையவில்லை. அடுத்த துண்டிலும் அணையவில்லை. அதற்கடுத்ததிலும். தேவசகாயம் எண்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தார். நாற்பதுக்கு மேல் சொல்வதை நிறுத்திவிட்டார்.

ஸ்டெல்லாவைச் சென்னைக்கு அனுப்பினோம். இரத்தம் உறையாதிருக்க மருந்து கொடுத்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். பார்வை திரும்பவில்லை. ஒரு வாரம் முன்பே மருந்து தொடங்கியிருந்தால் தப்பியிருக்குமா என்று உறுதியாகச் சொல்ல எவராலும் இயலாது. வாய்ப்பு இருந்தது.

அன்று மாலை டாக்டர் லலிதாம்பாள் என்னிடம் இரண்டு காரியங்களைச் சொன்னார். "பழைய அறிக்கைய நீங்களே உங்க கையால திருத்தி, கோப்புல வைங்க. அந்தப் பொண்ணுகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. தனியாப் போக முடியலன்னா நானும் வர்றேன்."

தனியாகவே போனேன். சென்னை மருத்துவமனையின் வார்டு வாசலில் தேவசகாயம் என்னை நிறுத்தினார்.

"நான் சொல்லிட்டேன் சார். மெஷின் மக்கர் பண்ணிடுச்சுன்னு சொல்லிட்டேன்."

"ஏன் தேவா?"

"வேற இன்னா சொல்றது. நீங்க வேணாம்னீங்க. சரி. நான் ஏன் வுட்டேன்? பட்டன் என் கையிலதான கீது. என் தங்கச்சிதான சார் படுத்துனு இருந்துச்சு. உங்கள கேக்காமலே ஓட்டியிருந்தா நீங்க இன்னா என்னை அடிச்சிருக்கப் போறீங்களா?" பிறகு தணிந்த குரலில், "நீங்க உள்ள போய் உண்மையச் சொன்னீங்கன்னா, நானும் சொல்லணும் சார். அது என்னால ஆகாது. போங்க சார் வூட்டுக்கு" என்றார்.

நான் திரும்பிவிட்டேன். குடும்பத்துக்குத் தெரியுமா என்று அம்மையார் மறுநாள் கேட்டார். தெரியும் என்றேன். அவரிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அறிக்கையைத் திருத்தவும் இல்லை. திருத்தினால் தேவசகாயத்தின் சொல் பொய்யாகிவிடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த சிரைப் படத்திலிருந்து தேவசகாயம் என்னைக் கேட்பதை விட்டுவிட்டார். ஒரு முறை கழுத்தில் பட்டை, ஒரு முறை உச்சியில் பட்டை. எவ்வளவு கூட்டமாக இருந்தாலும், மின்சாரம் போய் ஜெனரேட்டரில் ஓடினாலும், எந்தத் தலைக்கும் இரண்டு. கருவி மாறியது, இரத்த ஓட்டத்தின் வேகத்தையே அளக்கும் மென்பொருள் வந்தது, இரண்டாவது தேவையில்லை என்று புதியவர்கள் கேலி செய்தார்கள். "தேவா சாருக்கு வெள்ளைய கண்டா சந்தேகம்" என்பார்கள். அவரும் சிரிப்பார். நானும் துறைத் தலைவரானேன். கேலியைத் தடுக்கவில்லை, காரணத்தைச் சொல்லவில்லை, கருவியின் அந்த இரண்டாவது ஓட்டத்தை நீக்கவும் விடவில்லை. ஓய்வு பெறும் நாள்வரை நாங்கள் இருவரும் அடுத்தடுத்த நாற்காலிகளில் அமர்ந்து வேலை செய்தோம். ஆகஸ்டு 12 பற்றி ஒரு சொல்லும் பேசிக்கொண்டதில்லை. என் வாழ்க்கையில் வேறு எவரோடும் அவ்வளவு நெருக்கமாக நான் இருந்ததில்லை என்பது அவரைக் குழியில் இறக்கும்போதுதான் தெரிந்தது.

கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் கலைந்த பிறகு, ஸ்டெல்லா தம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு என்னருகே வந்தார். அந்த ஆகஸ்டில் பால் குடித்துக்கொண்டிருந்த மகள்.

"சார் தானே. இருமல்லயே தெரிஞ்சிது. அண்ணன் உங்கள பத்திப் பேசாத நாளே இல்ல."

நான் ஏதோ ஆறுதல் சொன்னேன்.

"அந்த மெஷின் இன்னும் கீதா சார்?"

"இல்லம்மா. எப்பவோ எடுத்துட்டாங்க."

"எனக்கு அது மேல கோவமே இல்ல சார். மெஷின் தானே, அதுக்கு இன்னா தெரியும். இதுவே ஒரு ஆளு பண்ணதுன்னா, இத்தினி வருசமும் அவன மனசுல வச்சினு கெடந்திருப்பேன். அந்த மட்டும் கர்த்தர் என்னைக் காப்பாத்தினாரு." பிறகு மகளிடம், "சாருக்குத் தண்ணி குடு, வெய்யில்ல நிக்கிறாரு" என்றார்.

குடித்தேன். மகள் தம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவர்கள் போன பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

செய்யாமல் விட்டவை:

1. டாக்டர் நிவேதாவுக்குப் பதில்: அந்த இரண்டாவது ஓட்டத்தை நீக்குவதும் வைத்துக்கொள்வதும் உங்கள் முடிவு. புதிய முறைகள் இருக்கின்றன என்பதை அறிவேன். நீக்கினால், காரணம் தெரிந்து நீக்குங்கள். எப்படியானாலும், தொகுப்புப் படத்தைக் கடைசியில் பாருங்கள்.

2. 12.8.1991 அறிக்கையை என் கையால் திருத்திக் கோப்பில் வைத்தல்.

3. டாக்டர் லலிதாம்பாளிடம், தெரியும் என்று நான் சொன்னது பொய் என்று சொல்லுதல். அவர் காலமாகிவிட்டார். இது இனி இயலாது.

4. தேவசகாயத்திடம், கேட்டது சரியான கேள்வி என்று சொல்லுதல். இதுவும் இயலாது.

5. பிள்ளைப்பாக்கம் சென்று, ஸ்டெல்லாவிடம், அந்தக் கருவி நன்றாகத்தான் இருந்தது என்று சொல்லுதல்.